முத்திரை இல்லாத துப்பாக்கி

படைக்கலங்களின் வரலாற்றை ஆராய்வோரிடம் சிற்சில வேளைகளில் பெயர் தெரியாத ஒரு பொருள் வந்து சேர்வதுண்டு. மரப்பிடி இருக்கும், இரும்புக் குழல் இருக்கும், விசையும் வில்லும் இருக்கும். ஆனால் செய்தவர் பெயரோ, தொழிற்சாலை முத்திரையோ, தொடர் இலக்கமோ, எந்த ஊரில் எந்த ஆண்டிற் செய்யப்பட்டது என்று கூறும் ஓர் எழுத்தோ அதில் இராது. இத்தகைய பொருள்கள் காற்றுத் துப்பாக்கிகளின் இனத்திற் பல உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கியின் குழல் வெடித்தால் சுடுபவன் உயிருக்கே ஆபத்து. ஆதலால் அதனைச் சோதித்துக் குறியிடும் வழக்கம் ஐரோப்பாவில் முன்னரே தோன்றிவிட்டது. இலண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637-ஆம் ஆண்டிலேயே அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாமில் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு சோதனைச்சாலை எழுந்தது. காற்றுத் துப்பாக்கிக்கோ இந்தச் சோதனைக் கட்டாயம் பிரித்தானியாவில் இருக்கவில்லை. அதிலும், விற்பனைக்கு வருமுன் பட்டறை மேசையில் முதன்முதல் செய்து பார்க்கப்படும் முன்மாதிரிக்குப் பெயரும் இலக்கமும் இடுவார் யார்? அது வெற்றி பெற்றால் அதன் வழிவந்தவை முத்திரை பெறும். தோற்றால் அது ஒரு மூலையிற் கிடந்து, ஏலத்தில் போய், கைமாறிக் கைமாறி, இறுதியில் தன்னைப் பற்றி ஒன்றும் கூறாத வெறும் பொருளாக நம் முன் நிற்கும்.

தேயிலையும் றப்பரும் விளையும் சப்பிரகமுவ மலைச்சரிவுகளில் வாழும் நமக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. பெயரில்லாத ஒரு பொருளை இன்னதென்று கண்டறியும் முறை, பெயரில்லாத மனிதர்களின் வரலாற்றைக் கண்டறியும் முறையும் ஆகும். முன்னதைக் கற்றுக்கொண்டால் பின்னதற்கும் அது உதவும். ஆதலின் முதலிற் காற்றுத் துப்பாக்கியைப் பற்றியே சிறிது பார்ப்போம்.

காற்றை அடக்கி வைத்து, அதன் விசையாற் குண்டைச் செலுத்தும் கருவி ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகளாக அறியப்பட்டதொன்று. ஆயினும் நீண்டகாலம் அது பிரபுக்களின் வேட்டை விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. அதனைப் போர்க்கருவியாக்கியவர், தைரோல் மலைநாட்டிற் பிறந்து ஆஸ்திரியாவிற் தொழில் செய்த பார்த்தொலொமேயோ ஜிராண்டோனி என்னும் கைவினைஞர். அவர் அமைத்த துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780-ஆம் ஆண்டளவில் ஏற்றுக்கொண்டது. அதன் அமைப்பு வியக்கத்தக்கது. தோளில் அணைக்கும் பின்கட்டையே காற்றுக்கலமாகும். அதனைக் கழற்றி ஒரு பம்பியிற் பூட்டி, ஏறத்தாழ 1,500 முறை அடித்துக் காற்றை நிரப்பவேண்டும். குழலின் பக்கவாட்டில் ஓடும் குழாயொன்றில் இருபது குண்டுகளுக்கு மேல் அடுக்கி வைக்கலாம். ஒரு சிறு குறுக்குத் தண்டை விரலால் தள்ளினால் ஒரு குண்டு வாயில் வந்து அமரும். விசையை அழுத்தினால் கலத்தின் கதவு ஒரு கணம் திறந்து மூடும். புகை இல்லை; தீப்பொறி இல்லை; மழையில் மருந்து நனையும் அச்சமும் இல்லை. ஒரு முறை சுட்டபின் மருந்து கெட்டித்து மீண்டும் சுட நெடுநேரம் எடுத்த அக்காலத்தில், இது எத்துணைப் பெரிய மாற்றம்!

அத்தகைய கருவி ஏன் நிலைக்கவில்லை? குற்றம் கருத்தில் இல்லை. இரும்புத் தகட்டை வளைத்து, ஆணி அறைந்து, பற்றவைத்துச் செய்த காற்றுக்கலம், அவ்வளவு அழுத்தத்தைக் கசிவின்றித் தாங்கவேண்டும். அதைச் செய்யவல்ல கைகள் மிகச் சிலவே. தோல் வளையங்கள் காய்ந்தாற் காற்று கசியும். போர்க்களத்தில் ஒரு வில் முறிந்தால் திருத்துவார் இல்லை. 1815-ஆம் ஆண்டுக்குள் ஆஸ்திரியப் படை அதனைக் கைவிட்டது. உயர்ந்த கைத்திறனை நம்பிப் பிறந்த கருவி, அக்கைத்திறனைப் பேணி வளர்க்காத ஓர் அமைப்பில் வாழ முடியவில்லை.

இவ்வினத்துத் துப்பாக்கி ஒன்றின் அடையாளத்தைக் கண்டறிந்த கதையே நமக்குப் பாடமாக அமைவது. 1803 முதல் 1806 வரை, மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்னும் இருவர் அமெரிக்க அரசின் ஆணையின்படி அக்கண்டத்தின் மேற்குப் பகுதியை ஊடறுத்துச் சென்று பசிபிக் கடலை அடைந்து மீண்டனர். லூயிஸ் தம்முடன் ஒரு காற்றுத் துப்பாக்கி கொண்டு சென்றார். வழியெங்கும் ஆதிக்குடிகளின் முன்னிலையில் அதனைச் சுட்டுக் காட்டினார். புகையும் நெருப்புமின்றிக் குண்டு பாய்வதைக் கண்டு அம்மக்கள் திகைப்புற வேண்டும் என்பதே நோக்கம். பிறர் நாட்டிற் கால்வைக்கும் வல்லரசு முதலிற் காட்டுவது தன் படைக்கலத்தையே என்பதற்கு இதுவும் ஒரு சான்று. பயணத்தின் தொடக்கத்திலேயே, வேடிக்கை பார்த்தவர் ஒருவர் கையிற் கொடுத்தபோது அது தவறுதலாகச் சுட்டு, நாற்பது யார் தொலைவில் நின்ற ஒரு பெண்ணின் நெற்றிப் பொட்டைக் கீறிச் சென்றது. அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் லூயிஸின் நாட்குறிப்பு அவள் பெயரைக் கூறவில்லை. துப்பாக்கியைச் செய்தவர் பெயரையும் அது கூறவில்லை.

பயணத்தின் பின்னர் அத்துப்பாக்கி எங்கு போயிற்று? 1847-ஆம் ஆண்டு, பிலடெல்பியாவில் ஐசாயா லூக்கன்ஸ் என்னும் கைவினைஞர் இறந்தபின் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. அப்பட்டியலில், லூயிஸும் கிளார்க்கும் பயன்படுத்தியதாகக் குறிக்கப்பட்ட ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. இதனைக் கொண்டு, லூக்கன்ஸ் செய்த ஒற்றைச் சூட்டுத் துப்பாக்கியே அது என்று அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பினர். பின்னர், தோமஸ் றொட்னி என்பார் 1803-ஆம் ஆண்டு செப்டெம்பரில் எழுதிய நாட்குறிப்பு கவனத்துக்கு வந்தது. லூயிஸை வழியிற் சந்தித்த அவர், அத்துப்பாக்கி 22 குண்டுகளைத் தொடர்ந்து சுடவல்லது என்று எழுதி வைத்திருந்தார். ஒற்றைச் சூட்டுத் துப்பாக்கி என்ற கொள்கை அத்துடன் ஆட்டம் கண்டது. தொடர்ந்து சுடுவதாயின் அது ஜிராண்டோனி வகையைச் சேர்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அவ்வகைத் துப்பாக்கி ஒன்று அமெரிக்காவில் ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தது. அதனைப் போன்ற பிரதிகள் செய்ய முனைந்த ஏர்னஸ்ட் கோவன், றிச்சர்ட் கெல்லர் என்னும் இரு கைவினைஞர்கள் அதனை உறுப்புறுப்பாகக் கழற்றிப் பார்த்தனர். நூல்களை மட்டும் படித்த அறிஞர் கண்ணுக்குத் தோன்றாத ஒன்று, தொழில் தெரிந்த அவர்கள் கண்ணுக்குத் தோன்றிற்று. உள்ளே இருந்த முதன்மை வில், ஐரோப்பியப் பட்டறையின் வேலை அன்று. குதிரைக்கு லாடம் கட்டுவோர் கையாளும் அரம் ஒன்றைக் காய்ச்சி அடித்து யாரோ செய்து பொருத்தியது. லூயிஸின் நாட்குறிப்பைப் புரட்டினால், 1805-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி, ஷீல்ட்ஸ் தம் காற்றுத் துப்பாக்கியின் முதன்மை வில்லைப் புதுப்பித்ததாக ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. ஜோன் ஷீல்ட்ஸ் என்பவர் அக்குழுவின் கொல்லர். ஊர் இல்லாத காட்டில், உலைக்களம் இல்லாத இடத்தில், கையில் அகப்பட்ட இரும்பைக் கொண்டு அவர் செய்த வில் இதுவே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். ஐயுறுவோரும் உளர், இத்துறையில் முற்ற முடிந்த தீர்ப்பு எளிதிற் கிடைப்பதில்லை. ஆயினும் முறை நமக்கு விளங்குகிறது. செய்தவரின் முத்திரையைத் தேடிப் புறப்பட்ட ஆராய்ச்சி, திருத்தியவரின் கைவேலையில் வந்து முடிந்தது.

இந்த முறையைச் சுருக்கிக் கூறலாம். பெயரில்லாத கருவியிடம் ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் சில. என்ன இரும்பு? என்ன மரம்? அரத்தின் தடம் எந்தப் பக்கமாக ஓடுகிறது? திருகாணியின் புரிகள் எவ்வளவு நெருக்கம்? விட்வர்த் என்னும் பொறியியலாளர் 1841-ஆம் ஆண்டில் ஒரே அளவான புரிகளைப் பரிந்துரைக்கும் வரை, ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போனபடியே புரி வெட்டிற்று. ஆதலால் ஒரு பழைய திருகாணி தன் பட்டறையைக் காட்டிக்கொடுக்கும். எங்கே தேய்ந்திருக்கிறது? எங்கே முறிந்து ஒட்டப்பட்டிருக்கிறது? இவற்றின் பின்னரே ஏடுகளும் கணக்குகளும் நாட்குறிப்புகளும் துணைக்கு வருகின்றன. உழைப்பு, தான் தொட்ட பொருளில் ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. அத்தடத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு முத்திரை இல்லாதது பெருங் குறையன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ்மியூசியத்தில் நெடுங்காலம் ஒரு சிறு பீரங்கி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. வெண்கலக் குழலும், பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கற்களும் இழைத்த வேலைப்பாடும் கொண்டது. கண்டி மன்னரின் சின்னங்களான சூரியனும் பிறைமதியும் பொறித்தது. லெவ்கே திசாவை என்னும் சிங்களப் பிரபு 1745-ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டி மன்னருக்கு அளித்ததாக அது கருதப்படுகிறது. அக்காலத்திற் கண்டியை ஆண்டவர் நாயக்கர் மரபின் முதல் மன்னரான ஸ்ரீ விஜய இராஜசிங்கன். 1765-ஆம் ஆண்டு, ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி நகருட் புகுந்தபோது அரண்மனை சூறையாடப்பட்டது. அப்போது அகப்பட்ட இப்பீரங்கி ஒல்லாந்தின் ஆட்சித்தலைவர் ஐந்தாம் வில்லியமின் சேகரிப்பை அடைந்து, பின்னர் அருங்காட்சியகப் பொருளாயிற்று. அது எவ்வாறு வந்தது என்பதை ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்தபின், 2023-ஆம் ஆண்டில் ஒல்லாந்து அரசு இப்பீரங்கியையும் வாள், கத்தி, துப்பாக்கி ஆகியவற்றையும் சேர்த்து 6 பொருள்களை இலங்கைக்குத் திருப்பியளிக்க முடிவு செய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அவை கொழும்பை வந்தடைந்தன.

இது நல்ல செயல். கொள்ளை கொள்ளை என்று ஒப்புக்கொள்ளப்படுவது வரலாற்றுக்கு ஆரோக்கியமானது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இப்பீரங்கியைக் கொடுத்த பிரபுவை அறிவோம். பெற்ற மன்னரை அறிவோம். கவர்ந்து சென்ற ஆளுநரை அறிவோம். வைத்திருந்த அருங்காட்சியகத்தை அறிவோம். குழலை வார்த்தவன் யார், கல்லை இழைத்தவன் யார் என்பதோ பரவலாக வழங்கும் அதன் கதையில் இடம் பெறுவதில்லை. முத்திரையும் சின்னமும் நிறைந்த பொருளிலுங்கூட உடையவன் பெயரே இருக்கிறது; உழைத்தவன் பெயர் இல்லை. ஆகவே முத்திரை உள்ள பீரங்கியும் முத்திரை இல்லாத துப்பாக்கியும் இவ்வகையில் ஒன்றே.

அலங்காரம் குறைந்த சாதாரணச் சிங்களத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதிற் சூரியனும் இல்லை, பிறையும் இல்லை. ஆயினும் உலகின் எந்த மூலையிற் கிடைத்தாலும், தொழில் அறிந்தவர் அதனை இலங்கையில் ஆனதென்று கூறிவிடுவர். அதன் பின்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். சக்கிமுக்கிப் பொறி, உலகின் ஏனைய துப்பாக்கிகளிற் போல வலப்பக்கத்தில் அன்றி, இடப்பக்கத்திற் பொருந்தியிருக்கும். பொறியின் கருத்தைப் போர்த்துக்கேயர் கொணர்ந்தனர். அதனைத் தன் கைக்கும் தன் மரபுக்கும் இசைய மாற்றிக்கொண்டவன் இந்நாட்டுக் கொல்லன். போர்த்துக்கேயர் இத்தீவில் முதன்முதல் வந்திறங்கியபோது அவர்தம் பீரங்கி முழக்கத்தை இடியோசைக்கு ஒப்பிட்டு வியந்தனர் என்று இராஜாவலிய கூறும். அதே நூற்றாண்டு முடிவதற்குள், லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர், சிங்களக் கொல்லர் செய்யும் துப்பாக்கிக் குழல்களின் அழகையும் பளபளப்பையும் புகழ்ந்து எழுதினார். வியந்தவர்கள் வியக்கப்பட்டவர்களாக மாற நூறாண்டு தேவைப்படவில்லை. நம் மாகாணத்தின் எல்லையை ஒட்டிய சீதாவாக்கையில் இருந்து ஆண்ட மாயாதுன்னையும் முதலாம் இராஜசிங்கனும் போர்த்துக்கேயரோடு பொருத போர்களுக்கு இக்கொல்லரின் உலைகளே அடிப்படை. 1587-இல் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டதை எழுதும் நூல்கள், அம்முற்றுகைக்கு இரும்பு அடித்தவர் ஒருவரின் பெயரையேனும் நினைவுகூர்வதில்லை.

அக்கொல்லர்களின் வாழ்வைச் சிறிதேனும் நமக்குக் காட்டுபவர், 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ். 1681-இல் வெளியான அவருடைய நூலில் ஒரு பட்டறைக் காட்சி உண்டு. கொல்லன் தன் ஆசனத்தில் கம்பீரமாக அமர்ந்து, ஒரு கையால் இரும்பைப் பிடித்துச் சிறு சுத்தியலால் இடம் காட்டுவான். வேலை கொண்டு வந்தவர்களே துருத்தி ஊதவேண்டும். அவர்களே பெருஞ் சம்மட்டியால் அடிக்கவேண்டும். அறுவடையின்போது அவனுக்குரிய நெல் வந்து சேரும். சாதியமைப்பின் கொடுமைகள் நிறைந்த காலந்தான் அது. அதனை நாம் பொற்காலம் என்று கூறவேண்டியதில்லை. ஆயினும், தன் தொழிலின் அறிவு தன் கையிலேயே இருந்த ஒரு மனிதனை அக்காட்சியிற் காண்கின்றோம்.

அவன் அடித்த இரும்பு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை நம் மாகாணத்திலேயே இருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்திற் பலாங்கொடையை அடுத்த சமனலவேவவில் ஒரு நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. நீரில் மூழ்கவிருந்த நிலத்தைத் தொல்லியலாளர் ஆராய்ந்தபோது, மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகப் பழைய இரும்புருக்கு உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. கில் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர் அவற்றை நுணுகி ஆராய்ந்தார். அவற்றுட் பல 7-ஆம் நூற்றாண்டுக்கும் 11-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அங்கே துருத்தி பயன்பட்டதாகத் தெரியவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டில் மோதி எழும் இடமாகப் பார்த்து, களிமண்ணால் நீண்ட தாழ்ந்த முன்சுவர் எழுப்பி, அக்காற்றையே துருத்தியாக்கியிருக்கின்றனர். காற்றால் மட்டும் அத்துணை வெப்பம் பெறமுடியுமா என்று உலோகவியல் வல்லுநர் ஐயுற்றனர். 1994-ஆம் ஆண்டு அதே சரிவில் அதேபோன்ற உலை கட்டிப் பருவக்காற்றில் எரித்துப் பார்த்தனர். நல்ல இரும்பும், கரிச்சத்து மிகுந்த உருக்கும் கிடைத்தன. 1996-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் அம்முடிவு வெளியாயிற்று. 9-ஆம் நூற்றாண்டிலே அல்கிந்தி என்னும் அரபு அறிஞர் வாள்களைப் பற்றி எழுதும்போது செரந்தீபின் உருக்கைக் குறிப்பிட்டது வெறும் புகழ்ச்சியன்று என்பதும் தெளிவாயிற்று. காற்றைக் கலத்தில் அடைத்து ஐரோப்பியக் கைவினைஞன் வியப்பை விளைத்ததற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, சப்பிரகமுவ உழைப்பாளி திறந்த வெளியின் காற்றை உலைக்குள் திருப்பி இரும்பை உருக்கினான். அவனுடைய உலையிலும் முத்திரை இல்லை. களிமண்ணிற் பதிந்த அவன் விரல்களின் வேலையே சான்றாயிற்று.

அம்மரபு இடைக்காலத்தில் முற்றாக அறுந்துவிடவில்லை. 1903-இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணிக்கு வந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் ஹத்தரபாகையில் இரும்புருக்குவதையும் அலுத்நுவரையில் உருக்குச் செய்வதையும் பார்த்துப் பதிவு செய்தார். அத்தொழில் அப்போதே அணையும் விளக்காக இருந்தது. 1908-இல் வெளியான 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற தம் பெருநூலில் அவர் கைவினைஞரின் வீழ்ச்சியை வருத்தத்தோடு ஆராய்ந்தார். கலையழகின் அழிவாகவே அதனை அவர் பெரிதும் கண்டார். நாம் அதன் பொருளாதாரத்தையும் சேர்த்துக் காணவேண்டும். கண்டி 1815-இல் பிரித்தானியர் வசமாயிற்று. 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியதாக்கிற்று. காடு கோப்பித் தோட்டமாயிற்று; பின்னர் தேயிலைத் தோட்டமாயிற்று. உலைக்குக் கரி தந்த காடு அகன்றது; கப்பலில் மலிவான இரும்பு வந்திறங்கிற்று. கொல்லனின் அறிவு தோற்றுப்போகவில்லை. அது நிற்பதற்கு வேண்டிய நிலம் அவன் காலடியிலிருந்து பறிக்கப்பட்டது.

அந்த நிலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்டவர்களே நம் தோட்டத் தொழிலாளர். காட்டை இழந்த சிங்களக் கிராமத்தவனும், ஊரை விட்டு வந்த தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணும்படி பின்னாளிற் பழக்கப்படுத்தப்பட்டனர். இருவருடைய இழப்புக்கும் ஊற்று ஒன்றே என்பதை இந்த இரும்பின் கதை காட்டுகிறது.

பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றனுட் சென்று பாருங்கள். கொழுந்து காய்ச்சும் இயந்திரத்தின் வார்ப்பிரும்பில், பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சனின் 'சிறொக்கோ' என்ற பெயர் புடைத்து நிற்பதைக் காணலாம். இயந்திரம் செய்த கம்பனிக்குப் பெயர் உண்டு. அதனை ஓட்டியவனுக்கு? அவனுக்கும் ஒரு காலத்தில் முத்திரை இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்து வந்த தொழிலாளர்க்குத் தோட்டத்தின் குறியும் இலக்கமும் வெட்டிய தகர வில்லை வழங்கப்பட்டது. இன்னாரிடம் சேர்ப்பிக்கவேண்டிய சரக்கு என்பதுபோல் மனிதனுக்கு இலக்கமிட்டனர். அவனைக் கடன் கணக்கோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 'துண்டு' என்ற சீட்டு முறை இருந்து, 1921-இல் ஒழிக்கப்பட்டது. இம்முத்திரைகள் உழைத்தவனைப் பற்றி எதுவும் கூறவில்லை. அவன் யாருக்கு உரியவன் என்பதையே கூறின.

பின்னர், சான்று தேவைப்பட்ட காலம் வந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்துக்குத் தாள் கேட்டது. பிறப்பைப் பதியாத லயத்து அறையில் பிறந்தவன் எந்தத் தாளைக் காட்டுவான்? 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேரை 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாக்கிற்று. நாடற்றவர் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் நிறைவேற 2003-ஆம் ஆண்டு வரை சென்றது. ஒரு துப்பாக்கியின் உள்ளே இருந்த வில்லைப் பார்த்து, இதைச் செய்தவன் இன்னான், செய்த இடம் இன்னது, செய்த நாள் இன்னது என்று கூறுமளவுக்குக் கூர்மையான கண் மனிதகுலத்திடம் உண்டு. சரிவெங்கும் நிரை பிடித்து நிற்கும் தேயிலைச் செடியையும், கல் அடுக்கிய கானையும், மலையைக் குடைந்த பாதையையும் பார்த்து, இவற்றைச் செய்தவர் இங்கேயே வாழ்ந்தவர் என்று கூறுவதற்கு அந்தக் கண்ணுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. சான்று இல்லாமல் அன்று. சான்றாவது முத்திரைத் தாள் மட்டுமே, உழைப்பு சான்றாகாது என்ற கொள்கையே அதற்குக் காரணம்.

இக்கொள்கையை எதிர்ப்பது அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரிய வேலையன்று. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அதிற் பங்குண்டு. நம் தோட்டங்களிற் பழைய பொருள்கள் நாள்தோறும் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, மூன்று முறை பூண் மாற்றிய மண்வெட்டி, றப்பர்ப் பால் வெட்டும் கத்தி, கொழுந்துத் தராசு, தோட்டத்துப் பட்டறையில் யாரோ ஒருவர் அடித்துக் கொடுத்த விளக்குத் தாங்கி ஆகியவற்றில் எதிலும் முத்திரை இராது. அதனாலேயே இவை மதிப்பற்றவை என்று நாமும் நம்பிவிட்டோம்.

ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மேசையை இதற்கென ஒதுக்கினாற் போதும். பெரிய செலவு வேண்டியதில்லை. மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் கருவியை அளக்கட்டும். தேய்ந்த பக்கத்தைப் பார்த்து, வலக்கையாற் பிடித்தாரா இடக்கையாற் பிடித்தாரா என்று எழுதட்டும். பிடியின் மரம் எந்த மரம் என்று கேட்டறியட்டும். முறிந்த இடத்தை ஒட்டியவர் யார் என்று பாட்டியிடம் விசாரிக்கட்டும். அவள் கூறும் பெயரை, ஊரை, தோட்டத்தின் பிரிவை, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைத் தாளில் எழுதிக் கருவியோடு சேர்த்துக் கட்டட்டும். அருகிலுள்ள சிங்களப் பாடசாலை மாணவர்களும் தம் ஊர்க் கொல்லர் பட்டறைப் பொருள்களை அவ்வாறே எழுதி வைத்தால், இரு மேசைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரே மலையின் இரும்பையும் ஒரே மலையின் மண்ணையும் தொட்ட கைகள் அவை என்பது அப்போது தெரியும்.

ஜோன் ஷீல்ட்ஸ் வில் அடித்ததை லூயிஸ் ஒரே வரியில் எழுதி வைத்தார். அந்த ஒரு வரி இல்லாவிடின் அரத்திலிருந்து அடித்த அந்த வில் வெறும் ஒட்டுவேலையாகவே கருதப்பட்டிருக்கும். நம் தோட்டங்களில் ஒட்டுவேலை செய்த கைகள் ஆயிரக்கணக்கானவை. அவர்களுள் முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கான அந்த ஒரு வரியை இப்போதே எழுதிவைப்போம்.